க்ஷயரோகம் தேறும் வகை

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டங்களில் வாசித்தற்குரிய பிரசங்கம்)



கிராமங்களில் க்ஷயம் என்றும், எலும்புருக்கி என்றும் நெடுங்காலமாக வழங்கிவரும் வியாதி, இக்காலத்தில் வைத்தியசாலைப் புத்தகங்களில் காசநோய் என்று எழுதப்படுகின்றது. இது கண்டவர் பிழைப்பதரிது என்ற எண்ணம் முன்னோர் காலத்தில் நியாயமானதே. அக்காலத்தில் இதற்கு மருந்து இருந்ததில்லை. இப்பொழுது மருந்து உண்டு. சர்க்கார் வைத்தியசாலைகளில் அது இனாமாகவே கிடைக்கின்றது. மருந்து ஏற்கும் கிருமியாயிருந்து, ஒழுங்காக ஆறு மாதம் உட்கொள்வாராயின், நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் பூரண குணம் அடைகின்றனர். இவ்வளவு இருந்தும், மருந்து தொடங்கிய சிலர் ஓராண்டு, ஈராண்டு கழித்து, அதே இருமலோடு அதே வாசலில் மறுபடியும் வந்து நிற்கின்றனர். அவர்களுள் பலர் சிகிச்சை பலிக்காமையால் வந்தவரல்லர். சிகிச்சை வெகு சீக்கிரம் பலித்ததுபோல் தோன்றியதால் வந்தவர். இது கேட்பதற்கு விநோதமாயிருக்கும். ஆயினும் இவ்வியாதியின் தன்மையே அத்தகையது. உடம்பு தேறுவது ஒரு வேகம். கிருமி சாவது வேறொரு வேகம்.

இதை விளக்க ஒரு கூலிக்காரரை எடுத்துக்கொள்ளலாம். நாற்பது வயதிருக்கும். இரண்டு மாதமாக இருமுகின்றார். சாயங்காலத்தில் லேசான காய்ச்சல் காண்கின்றது. இரவில் வியர்வை போர்வையை நனைக்கின்றது. சோற்றில் மனம் செல்லவில்லை. இடுப்பு வேட்டி நாளுக்கு நாள் தளர்கின்றது. ஒருநாள் கோழையில் இரத்தம் காணவே, வீட்டார் அஞ்சி ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்கின்றனர். கோழை பரிசோதிக்கப்பட்டுக் கிருமி இருப்பது தெரிந்ததும் மருந்து தொடங்கப்படுகின்றது. முதல் வாரத்தில் குமட்டல் உண்டாகின்றது. சிறுநீர் செம்மஞ்சள் நிறமாய் இறங்குவதைக் கண்டு, இரத்தமோ என்று வீட்டில் கலக்கம் ஏற்படுகின்றது. அது ரிஃபாம்பிசின் என்னும் மருந்தின் நிறமேயன்றி வேறன்று; அதனால் கெடுதி யாதுமில்லை. இரண்டாம் வார முடிவில் காய்ச்சல் விடுகின்றது. அப்பால் பசி எடுக்கின்றது. ஒரு மாதத்தில் தராசு முள் சற்று ஏறுகின்றது. இரண்டு மாதத்தில் இருமல் அநேகமாக அடங்கி, மனிதர் மண்வெட்டியைத் தேடுகின்றார்.

மூன்றாம் மாதத்தில், டீக்கடையில் அவரைக் காணும் ஒருவர் நல்லெண்ணத்தோடேயே சொல்கின்றார்: "அண்ணே, ஆள் பழையபடி ஆகிவிட்டீர்கள். இன்னும் எதற்கு இந்த மாத்திரை? வயிற்றைப் புண்ணாக்கிக் கொள்ளவா?"

இக்கேள்விக்குத் தக்க விடை அவரிடம் இல்லையாயின், நான்காம் மாதத்து மாத்திரை உறையிலேயே தங்கிவிடும். விடையைத் தெரிந்துகொள்ள, அவருடைய நெஞ்சினுள் அந்த மூன்று மாதத்தில் நடந்தது இன்னதென்று அறிதல் வேண்டும்.

க்ஷயத்திற்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1882-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் வெளிப்படுத்தினார். மற்றக் கிருமிகளுட் பல அரைமணி நேரத்தில் ஒன்று இரண்டாகப் பெருகுவன. இதுவோ இரண்டாவதற்கு ஏறக்குறைய ஒரு பகலும் இரவும் எடுத்துக்கொள்ளும். நிதானமான சத்துரு. நுரையீரலை அரித்து இது உண்டாக்கும் குழி ஒன்றில் பத்துக் கோடி கிருமிகள் வரை இருக்கலாம். அவை யாவும் ஒரே நிலையில் இருப்பனவல்ல. குழியின் ஓரத்தில் காற்றுப்பட வளர்வன மிகுதி. இவையே கோழையோடு வெளிவந்து பிறரைத் தொற்றுவன. ரணத்தின் உட்பாகத்தில், புளிப்பான இடங்களில், மெல்ல வளர்வன சில. இன்னும் சில வளராமலும் சாகாமலும் உறங்குவனபோல் கிடந்து, எப்பொழுதோ விழித்துச் சற்று வளர்ந்து, மறுபடியும் ஓய்ந்துவிடுவன.

மருந்துகளும் இவற்றுக்கேற்ப வேலை செய்கின்றன. ஐசோனியசிட் என்பது வேகமாக வளரும் கிருமிகளைச் சில நாட்களிலேயே பெருவாரியாகக் கொன்றுவிடும். காய்ச்சல் விடுவதும், பசி எடுப்பதும், தொற்றுந் தன்மை இரண்டு மூன்று வாரத்திற்குள் பெரிதும் குறைவதும் இதனால் நிகழ்வனவே. பைரசினமைட் என்பது புளிப்பான இடத்துக் கிருமிகளை அழிப்பது. ரிஃபாம்பிசின், உறங்கும் கிருமி விழிக்கும் அந்தச் சிறுபொழுதைக் காத்திருந்து கொல்வது. எதாம்பூட்டால் என்னும் நான்காவது மருந்து, மற்றவற்றிற்கு அடங்காத கிருமி தலையெடாதபடி காவல் நிற்பது. உறங்குவது என்று விழிக்கும் என்பதை யாரும் நிச்சயிக்க இயலாது. ஆதலின் விழிக்கும் நாள்தோறும் மருந்து இரத்தத்தில் இருந்தாக வேண்டும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்தும், பின் நான்கு மாதம் மூன்று மருந்தும் தினந்தோறும் கொடுக்கப்படுவதன் காரணம் இதுவே.

நஞ்சையில் களையெடுத்த கை கோரையை அறியும். மேற்புல்லை அறுத்துவிட்டால் வயல் இரண்டு நாளைக்குச் சுத்தமாய்த் தோன்றும்; கிழங்கு மண்ணுக்குள் அப்படியே கிடக்கும். டீக்கடை நண்பர் கண்டது அறுபட்ட புல்லை. மருந்தை நிறுத்தாது கொடுக்கச் சொல்லும் வைத்தியர் எண்ணுவது கிழங்கை.

கோழைப் பரிசோதனையிலும் இந்த ஏமாற்றத்திற்கு இடமுண்டு. பூதக்கண்ணாடியில் கிருமி புலப்படுவதற்கு ஒரு மில்லி லிட்டர் கோழையில் அநேகமாகப் பதினாயிரம் கிருமிகளாவது இருத்தல் வேண்டும். இரண்டாம் மாத முடிவில் செய்யும் பரிசோதனையில் கிருமி இல்லையென்று சீட்டு வருமாயின், அது நல்ல செய்தியே. சிகிச்சை சரியான வழியிற் செல்கின்றதென்பதற்கு அடையாளம். ஆனால் அது விடுதலைப் பத்திரமன்று. கண்ணாடியிற் காணாமை வேறு, நெஞ்சில் இல்லாமை வேறு.

இவ்வுண்மையை உலகம் எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் ராட்கர்ஸ் சர்வகலாசாலையில் 1943-ஆம் ஆண்டு ஆல்பர்ட் ஷாட்ஸ், செல்மன் வாக்ஸ்மன் என்பவர்கள் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தைக் கண்டனர். பிரிட்டனில் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் இம்மருந்தைப் பரீட்சித்து 1948-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டது. இரு நுரையீரலிலும் நோய் முற்றிய 107 வாலிபர், யுவதிகள் எடுத்துக்கொள்ளப்பட்டனர். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மாத்திரம். ஆறு மாத முடிவில், ஓய்வு மாத்திரம் கொண்டவருள் 14 பேர் இறந்தனர். மருந்து கொண்டவருள் இறந்தவர் 4 பேரே. மருந்து கொண்டவரிற் பாதிப்பேரின் எக்ஸ்ரே படம் வெகுவாகத் தெளிந்திருந்தது. இவ்வளவில் நின்றிருந்தால் அது வெற்றிக் கதையாகும். ஆனால் முதல் சில மாதங்களில் தேறியவருட் பலர் பின்னர் மறுபடியும் சரிந்தனர். ஐந்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, மருந்து கொண்ட 55 பேரில் 32 பேரும், கொள்ளாத 52 பேரில் 35 பேரும் உயிரோடில்லை. முதலில் பெற்ற லாபத்திற் பெரும் பகுதி கைநழுவிப் போயிற்று.

காரணம், அவர்களுடைய கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாக மாறிவிட்டமையே. பல லட்சம் கிருமிகளில் ஒன்று இயற்கையிலேயே ஏதாவதொரு மருந்துக்கு அடங்காததாய்ப் பிறப்பதுண்டு. ஐசோனியசிட்டுக்கு அடங்காதது ஏறக்குறையப் பத்து லட்சத்தில் ஒன்று; ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது பத்துக் கோடியில் ஒன்று. ஒரு மருந்தை மாத்திரம் கொடுத்தால், அடங்குவன யாவும் செத்து, அடங்காத அந்த ஒன்று வெற்றிடத்தில் பெருகி, குழி முழுதையும் தன் சந்ததியால் நிரப்பிவிடும். இரண்டு மூன்று மருந்துகளை ஒருங்கே கொடுப்பின், எல்லாவற்றுக்கும் ஒரேசமயத்தில் தப்பும் கிருமி பிறப்பது அரிதினும் அரிது. ஸ்ட்ரெப்டோமைசினோடு பாஸ் என்னும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் இக்கேடு பெரும்பாலும் விலகுவதைப் பிரிட்டிஷ் வைத்தியர்கள் 1950-ஆம் ஆண்டில் நிலைநாட்டினர். 1952-ஆம் ஆண்டு ஐசோனியசிட் வழக்கிற்கு வந்தது. மருந்து விட்டுவிட்டுச் சாப்பிடுபவரும், இரண்டு வில்லையில் ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றதை விழுங்குபவரும், 1948-இல் நடந்த தவறைத் தம் உடம்பிலேயே மறுபடியும் நடத்திப் பார்க்கின்றவராவர். மருந்துகள் ஒரே மாத்திரையில் சேர்த்துச் செய்யப்படுவது இந்தத் தள்ளுதலுக்கு இடமில்லாமற் செய்வதற்காகவே.

இனி, சென்னையில் நடந்த ஒன்று ஒவ்வொரு கிராமத்தாரும் அறிந்திருக்கத்தக்கது. 1956-ஆம் ஆண்டு வரையில், க்ஷயத்திற்குச் சிகிச்சை என்றால் சானடோரியம் என்பதே வைத்தியர்களின் எண்ணமாயிருந்தது. மதனபள்ளிக்கு அடுத்த ஆரோக்கியவரத்தில் 1915-ஆம் ஆண்டும், தாம்பரத்தில் டாக்டர் சௌரிமுத்து அவர்களின் முயற்சியால் 1928-ஆம் ஆண்டும் அத்தகைய நிலையங்கள் திறக்கப்பட்டன. சுத்தமான காற்று, முட்டை, பால், மாதக்கணக்காகப் படுக்கை என்பவை அங்கே கிடைத்தன. ஆனால் நாட்டிலிருந்த படுக்கைகள் சில ஆயிரம்; நோயாளிகளோ பல லட்சம். இடம் கிடைக்குமுன் இறந்தவர் எத்தனையோ பேர். கிடைத்தவருள்ளும், வீட்டில் பிள்ளைகள் பட்டினி கிடப்பதை எண்ணிப் பாதியில் ஓடிவந்தவர் உண்டு.

அவ்வாண்டில் இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூடிச் சென்னைச் சேத்துப்பட்டில் ஒரு சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் தலைமை வகித்தார். நகரின் நெருக்கமான பகுதிகளில் வாழும் ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவாரைச் சானடோரியத்திலும் மற்றவரை அவரவர் வீட்டிலும் வைத்து, இருவருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். வீட்டில் இருந்தவர் ஒரே அறையில் குடும்பத்தோடு நெருங்கிப் படுத்தவர். குறைந்த ஆகாரம் உண்டவர். சானடோரியத்தாரைப்போல் ஓய்ந்திருக்க வழியில்லாதவர். சானடோரியத்தில் இருந்தவர் அவரைவிட ஏறக்குறைய இருமடங்கு எடை கூடினர். ஆயினும் 1959-ஆம் ஆண்டு வெளிவந்த முடிவு பலரையும் திகைக்கச் செய்தது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92. வீட்டில் நூற்றுக்கு 86. இந்த வித்தியாசம் பெரிதன்று. ஐந்தாண்டு முடிவிலோ இரு பிரிவிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அளவில் நோயின்றி இருந்தனர். வீட்டிலிருந்தவரின் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவுமில்லை. தொற்ற வேண்டியது, வியாதி இன்னதென்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த மாதங்களிலேயே தொற்றிவிடுகின்றது. மருந்து தொடங்கிய பின் ஆபத்து விரைவில் குறைகின்றது.

இம்முடிவினால் உலகெங்கும் சானடோரியங்கள் சிறிது சிறிதாக மூடப்பட்டன. ஏழையின் குடிசையே வைத்தியசாலையாவதற்குத் தடையில்லை என்பது நிரூபணமாயிற்று. அந்நிலையம் இப்பொழுது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரோடு அதே சேத்துப்பட்டில் நடைபெறுகின்றது.

இம்முடிவில் ஒரு பாரமும் மறைந்திருந்தது. சானடோரியத்தில் நர்ஸ் நின்று மாத்திரையை விழுங்கச் செய்வார். வீட்டில் அதைச் செய்வது யார்? சென்னை நிலையத்தார் முன்னறிவிப்பின்றி நோயாளியின் வீட்டிற்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். தவறாமல் சாப்பிடுவதாகச் சொன்னவருள்ளும் விட்டவர் பலர் இருப்பது தெரியவந்தது. அவர்கள் பொய்யர் என்று கொள்வது அநியாயம். உடம்பில் ஒரு நோவுமில்லாத மனிதர், மாதக்கணக்காக நாள்தோறும் ஒரு கைப்பிடி மாத்திரையை விழுங்குவது மனுஷ சுபாவத்திற்கு விரோதமானது. படித்தவரும் டாக்டர்களுமே பத்து நாள் மருந்தை ஐந்தாம் நாளில் நிறுத்திவிடுவதுண்டு. ஆகவே நோயாளி மருந்து விழுங்குவதை மற்றொருவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் முறை சென்னையில் 1960-க்குப் பிந்திய ஆண்டுகளில் பரீட்சிக்கப்பட்டுப் பின்னர் பல தேசங்களில் பரவிற்று. ரிஃபாம்பிசின் சேர்ந்தபின், ஒன்றரை இரண்டு ஆண்டாயிருந்த சிகிச்சை ஆறு மாதமாகக் குறைந்தது. அந்த ஆறு மாதத்திற்கும் ஒரு துணை தேவை என்பது மாறவில்லை.

ஆகாரத்தைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். இதில் இரு பக்கத்துத் தவறுகளும் வழக்கில் உள்ளன. முட்டையும் ஆட்டுக்கால் சூப்பும் இருந்தால் மருந்து வேண்டாம் என்பவர் உண்டு. சாப்பாடு கிருமியைக் கொல்வதில்லை என்பதற்குச் சென்னை முடிவே சாட்சி. மற்றொருபுறம், மாத்திரை கொடுத்தாயிற்று, சோறு எப்படியோ போகட்டும் என்பவரும் உண்டு. இதுவும் பிழை. ஜார்க்கண்ட் ராஜ்யத்தில் நான்கு ஜில்லாக்களில் 2019 முதல் 2022 வரை 2,800 நோயாளிகளுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால்தூள், எண்ணெய் அடங்கிய பத்துக் கிலோ உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்தனர். 2023-ஆம் ஆண்டு வெளியான அதன் கணக்குப்படி, முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை நூற்றுக்கு ஐந்து கூடியவருக்கு, கூடாதவரைவிட மரண அபாயம் நூற்றுக்கு அறுபதளவு குறைவாயிருந்தது. அவர்களுடைய வீட்டாரிற் சிலருக்கு ஆளுக்கு ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் மாதந்தோறும் கொடுக்கப்பட்டன; அவ்வீடுகளில் புதிதாக நோய் காண்பது நூற்றுக்கு 39 குறைந்தது. மருந்து கிருமியைக் கொல்லும். அது கொன்று முடிக்கும் வரையில் மனிதரை உயிரோடு வைத்திருப்பது சோறு. மிகவும் மெலிந்த நிலையில் வருபவருக்கு இது உண்மையிலும் உண்மை.

க்ஷயத்தால் நேரும் மரணங்களிற் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்திலேயே நேர்கின்றது. தாமதித்து வந்ததே அதற்கு முக்கிய காரணம். தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டறிந்தவுடனேயே நோயாளியை நிறுத்தி, எடையும் உயரமும் எடுத்து, மூச்சை எண்ணி, இரத்தத்தில் பிராணவாயு போதுமானதா என்று பார்த்து, பிடியின்றி நிற்கக்கூடுமா என்று கவனித்து, அபாயமுள்ளவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கின்றனர். எல்லோருக்கும் வீடே போதும் என்பதன்று சென்னையின் பாடம். காலில் வீக்கங் கண்டவரும், நாலடி நடந்தால் மூச்சு வாங்குபவரும், எழுந்து நிற்கமாட்டாதவரும் படுக்கையில் சேர வேண்டியவரே.

தேறுகின்றாரா என்பதை அறியச் சில குறிகளைக் கவனித்தல் நலம். மூன்று நான்கு வாரமாகியும் காய்ச்சல் விடவில்லை, அல்லது எடை இறங்கிக்கொண்டே போகின்றது, அல்லது இரண்டாம் மாதக் கோழையில் இன்னும் கிருமி காண்கின்றது என்றால், காரணம் தேட வேண்டும். மருந்து உள்ளே செல்லாமல் இருக்கலாம். எடைக்கேற்ற அளவு கொடுபடாமல் இருக்கலாம். மாத்திரையின் எண்ணிக்கை எடையைப் பொறுத்தது என்பதால் மாதந்தோறும் தராசில் நிற்பது வீண் சடங்கன்று. நீரிழிவு மறைந்திருக்கலாம், அது அடங்காமல் க்ஷயமும் அடங்குவது கஷ்டம். கிருமியே மருந்துக்கு அடங்காததாயிருக்கலாம். கோழையிலுள்ள கிருமி ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்பதைச் சில மணி நேரத்தில் காட்டும் இயந்திரங்கள் இப்பொழுது ஜில்லா, தாலுகா ஆஸ்பத்திரிகளில் உள்ளன. அடங்காதென்று கண்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டுவதில்லை. முன்னே ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஊசியும் மாத்திரையுமாக நடந்த அச்சிகிச்சை, பெடாகுவிலின் முதலிய புதிய மருந்துகளால் தகுதியுள்ளவருக்கு ஆறு மாதமாகச் சுருங்கியிருக்கின்றது.

மருந்தால் விளையும் தொந்தரவுகளுள் பொறுத்துக்கொள்ளத்தக்கவையும் உண்டு, பொறுக்கலாகாதவையும் உண்டு. லேசான குமட்டல், மூட்டு வலி, உள்ளங்காலில் எரிச்சல் என்பவற்றுக்கு மருந்தை விடவேண்டா. சொன்னால் பரிகாரம் செய்வர். கண் மஞ்சளித்தல், ஓயாத வாந்தி, பார்வை மங்குதல், நிறங்கள் மாறித் தோன்றுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே டாக்டரிடம் செல்லவேண்டும். சாராயம் குடிப்பவருக்கு ஈரல் கெடும் அபாயம் மிகுதி. பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைக்க மாத்திரை உண்ணும் ஸ்திரீகள் அதையும் டாக்டரிடம் சொல்லவேண்டும். ரிஃபாம்பிசின் அம்மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும்.

நோயாளியின் தட்டையும் லோட்டாவையும் ஒதுக்கி வைக்கும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் உள்ளது. க்ஷயம் காற்றில் பரவுவது, பாத்திரத்தில் பரவுவதன்று. இருமும்போது வாயைத் துணியால் மூடுதலும், ஜன்னலைத் திறந்து வைத்தலும், மருந்தும் போதும். தட்டு ஒதுக்கப்பட்ட மருமகள், தன் வியாதி வெளியே தெரியலாகாதென்று மாத்திரையை மறைத்து வைத்து, மறைத்தே நிறுத்தியும் விடுவாள். ஒதுக்குதலால் தொற்று குறைவதில்லை, கூடவே செய்யும்.

சங்கங்கள் இதில் செய்யத்தக்கது யாதென்று வினவலாம். கடன் சங்கத்துக்குத் தவணைக் கணக்கு புதிதன்று. இரண்டு தவணையைக் கட்டியவுடன் கடன் தீர்ந்ததாக எந்த அங்கத்தினரும் எண்ணுவதில்லை. ஆறாவது தவணையும் கட்டி, பத்திரம் கைக்கு வந்த பிறகே நிம்மதி. மாத்திரைக்கும் அவ்வாறே ஓர் அட்டை உண்டு. அயலில் இருக்கும் ஓர் அங்கத்தினர் நாள்தோறும் அந்த அட்டையில் ஓர் அடையாளம் இடப் பார்த்திருப்பாராயின், பாதிக் காரியம் முடிந்தது. மற்றப் பாதி கூலியைப் பற்றியது. முதல் இரண்டு மாதம் வேலைக்குச் செல்ல இயலாதவர் வட்டிக்கு வாங்குகின்றார். வட்டிக்கு அஞ்சித் தேறுமுன் வேலைக்குச் செல்கின்றார். வேலைக்குச் சென்றவர் மருந்து வாங்க வருவதில்லை. அவருடைய தவணையைச் சட்டம் இடங்கொடுக்கும் அளவில் தள்ளி வைப்பது நிர்வாக சபையின் அதிகாரத்தில் உள்ள காரியமானால், அது தர்மமன்று, பாதுகாப்பு. அங்கத்தினர் இறந்தால் கடனும் வராது. சர்க்காரும் சிகிச்சைக் காலத்தில் ஆகாரத்திற்காக நோயாளியின் பாங்கிக் கணக்கில் பணம் செலுத்துகின்றது. 2018-ஆம் ஆண்டு மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய அது 2024-ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. கணக்கு இல்லாமையாலும், கணக்கின் எண் தவறாக எழுதப்பட்டமையாலும் இதை இழப்பவர் உண்டு. கணக்குப் புத்தகம் பார்க்கத் தெரிந்த சங்கக் காரியதரிசிக்கு அது அரைமணி வேலை. 2022-ஆம் ஆண்டு ஏற்பட்ட திட்டத்தின்படி, கூட்டுறவுச் சங்கங்களும் நோயாளிகளுக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் அளிக்கும் பொறுப்பைப் பதிவு செய்து ஏற்கலாம். நியாயவிலைக் கடை நடத்தும் சங்கத்தில் தராசும் பருப்பும் ஏற்கெனவே இருக்கின்றன.

ஆறாம் மாத முடிவில் கோழை மறுபடியும் பரிசோதிக்கப்படும். எக்ஸ்ரே படத்தில் வடு தெரியலாம்; அம்மைத் தழும்புபோல் அது நிலைத்து நிற்பது, வியாதியன்று. சிலருக்கு, நோய் பெரிதும் அரித்திருந்தால், குணமான பின்பும் மேடேறும்போது மூச்சு வாங்கும். அதற்கு மருந்தை மறுபடியும் தாமாகத் தொடங்குதல் கூடாது. நோய் திரும்புமாயின் பெரும்பாலும் மருந்து நின்ற முதலாண்டிலேயே திரும்பும். ஆதலின் சிகிச்சை முடிந்த 6, 12, 18, 24-ஆம் மாதங்களில் நோயாளியை அழைத்துப் பார்க்க வேண்டுமென்பது விதி. ஈராண்டு கழித்து வரவேண்டிய நாளை, நன்றாயிருக்கும் மனிதர் நினைவில் வைத்திருக்கமாட்டார். சங்கத்தின் தவணைப் புத்தகத்தில் அந்த நான்கு தேதிகளையும் அவர் பெயருக்கு நேரே எழுதி வைக்கலாம்.